காப்பி பூத்த மலையும் மருந்துக்கு அடங்காத கிருமியும்: ஒரே கோடையில் இரண்டு முறை ஏற்காடு

இந்த வருடம் ஏற்காட்டுக்கு இரண்டு முறை போனேன். முதல் பயணம் மார்ச் தொடக்கத்தில், பாதியிலேயே முடிந்துவிட்டது. இரண்டாவது பயணம் ஏப்ரலில், கோடை மழை விழுந்து காப்பி பூத்திருந்த வாரத்தில். ஒரே மலைக்கு இரண்டு கட்டுரை எதற்கு என்று சேர்த்தே எழுதுகிறேன். வழி, வண்டி, தங்குமிடம் எல்லாம் சொல்கிறேன். நடுவில் ஓர் ஆஸ்பத்திரியும் வரும். ஊர் சுற்றும் கட்டுரையில் அது எதற்கு என்று அந்தப் பகுதியைத் தாண்டிவிடாதீர்கள். முக்கியமாக, என்னைப் போல பஸ்ஸில் ஊர் சுற்றும் பெண்கள்.

இரண்டு முறையும் என்னோடு வந்தவர் என் அண்ணி ருக்மணி. வயது ஐம்பத்தாறு, சர்க்கரை நோய் உண்டு. கரூரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு. பிப்ரவரியில் மகளுக்குக் கல்யாணம் முடித்து அனுப்பிவைத்த கையோடு, "மாலதி, எங்கியாச்சும் குளுகுளுன்னு ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். அண்ணி வாய் திறந்து ஒன்று கேட்பது அபூர்வம். மறுவாரமே அலுவலகத்தில் லீவு போட்டேன்.

கரூரிலிருந்து சேலத்துக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். நாமக்கல் வழியாக அடிக்கடி பஸ் உண்டு. நாமக்கல்லில் பஸ் நின்றபோது டீ வாங்கி நீட்டினேன்.

"வேண்டாம் அம்மிணி. குடிச்சா எறங்கோணும். இந்த பஸ் ஸ்டாண்டுல எங்க போறது?" என்றார். கையில் இருந்த தண்ணீர் பாட்டிலையும் திறக்கவில்லை. நம்மில் பாதிப் பேர் இப்படித்தானே பயணம் செய்கிறோம். எனக்கு அது வித்தியாசமாகவே தோன்றவில்லை.

சேலத்தில் பஸ் மாறினால் ஏற்காடு சுமார் முப்பது கிலோமீட்டர். அடிவாரம் வரை அனல். அதற்குப் பிறகு வரும் இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் எழுதிப் பலகை வைத்திருக்கிறார்கள். பாதி மலை ஏறும் வரை மூங்கிலும் காய்ந்த புல்லும்தான். பிறகு சட்டென்று சில்வர் ஓக் மரங்கள், அவற்றைச் சுற்றி ஏறிய மிளகுக் கொடிகள், கீழே வரிசை வரிசையாகக் காப்பிச் செடிகள். அண்ணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே சிறுத்துப்போன சேலம் நகரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பஸ் ஸ்டாண்டில் பொன்னுசாமி ஜீப்போடு காத்திருந்தார். மஞ்சக்குட்டையில் இருக்கும் தன் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார். காலை உணவோடு ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். கொஞ்சம் காப்பி, கொஞ்சம் ஆரஞ்சு, மீதி நேரம் ஜீப் என்று வாழ்கிறவர்.

"ஏனுங்க, இப்ப வந்திருக்கீங்களே! மலையில மழையே இல்லீங்க. காப்பியெல்லாம் மொட்டுக் கட்டி மழைக்குக் காத்துக்கிட்டுக் கெடக்குது. ஒரு மழை விழுந்துச்சுன்னா ஒரு வாரம் பத்து நாள்ல மலையே வெள்ளையா மாறிப்போயிருமுங்க" என்றார்.

அன்று மாலை ஏரிக்கரையில் அண்ணி அடிக்கடி கழிப்பறை தேடினார். ஏன் என்று கேட்டேன். "சூடுதான். எளநி குடிச்சா சரியாப் போயிரும்" என்றார். குளிர்காற்றில் அத்தனை பேர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கும்போது சூடு என்கிறாரே என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை மலை உச்சியில் சேர்வராயன் கோவில். குகைக்குள் குனிந்து போய்த்தான் சாமி கும்பிட வேண்டும். அண்ணி வரவில்லை. வெளியே பாறையில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து கொட்டச்சேடு நோக்கிப் புறப்பட்ட கொஞ்ச நேரத்தில், பின் சீட்டில் ஏதோ தடதடவென்று ஆடுவது போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் அண்ணி. வெயிலில் உட்கார்ந்துகொண்டு பல் கிட்டித்து நடுங்குகிறார். வலது பக்க விலாவுக்குக் கீழே, முதுகுப் புறத்தைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தார். நெற்றியைத் தொட்டேன். கொதித்தது.

பொன்னுசாமி ஜீப்பை ஓரம் கட்டினார். எங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இறங்கி, பத்தடி தள்ளிப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அந்த நாகரிகத்தை நான் மறக்க மாட்டேன்.

அண்ணி அப்போதுதான் சொன்னார். கல்யாண வேலை தொடங்கியதிலிருந்தே நீர் போகும்போது எரிச்சல். டாக்டரிடம் போக நேரமில்லை, சொல்லவும் வெட்கம். மெடிக்கல் ஷாப்பில் ஓர் ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு நாள் போட்டதும் எரிச்சல் போனது, மாத்திரையை நிறுத்திவிட்டார். திரும்ப வந்தது, திரும்ப வாங்கினார். மூன்றாவது முறை வாங்கிய மாத்திரைகள் கைப்பையிலேயே இருந்தன. "நேத்து ராத்திரிகூட ஒண்ணு போட்டேன் மாலதி. இந்தத் தடவ கேக்கவே இல்ல" என்றார்.

பக்கத்தில் இருந்த அரசு சுகாதார நிலையத்துக்குப் பொன்னுசாமி கொண்டு போனார். அங்கிருந்த இளம் டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், சர்க்கரை பார்த்தார், முதுகில் மெதுவாகத் தட்டினார். அண்ணி துள்ளிவிட்டார்.

"சிறுநீர்த் தொற்று மேல ஏறிக் கிட்னியைத் தொட்டிருச்சுங்க. இங்க வெச்சுப் பாக்கக் கூடாது. நூத்தியெட்டைக் கூப்பிடறேன். கீழ போனதும் ஆன்டிபயாடிக் போடறதுக்கு முன்னாடி யூரின் கல்ச்சர், பிளட் கல்ச்சர் ரெண்டும் எடுக்கச் சொல்லுங்க. நானும் எழுதித் தர்றேன். எந்த மருந்துக்குக் கிருமி சாகும்னு தெரிஞ்சாத்தான் அடிக்க முடியும்" என்றார்.

முந்தின நாள் வேடிக்கை பார்த்துக்கொண்டே ஏறிய அதே வளைவுகளில், ஏற்றிய குளுக்கோஸ் பாட்டில் ஆட ஆட, ஆம்புலன்ஸில் இறங்கினோம். எங்கள் பைகளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வருவதாகப் பொன்னுசாமி சொல்லியிருந்தார்.

சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. மாதிரிகளை எடுத்துவிட்டு, வழக்கமாக இதற்குப் போடும் ஊசியைத் தொடங்கினார்கள். கிருமியை வளர்த்துப் பார்த்து முடிவு சொல்ல இரண்டு நாள் ஆகும் என்றார்கள். மறுநாள் காய்ச்சல் இறங்கவில்லை. அதற்கு மறுநாள் காலை ரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கியது. அண்ணியை ஐ.சி.யு.வுக்கு மாற்றினார்கள். என்னை அடையாளம் தெரியாத கண்களோடு அவர் ஒரு முறை பார்த்தார். கல்யாண வீட்டில் ஐந்நூறு பேருக்குப் பந்தி கவனித்த மனுஷி, நீர்க்கடுப்பில் போய்விடுவாரோ என்ற நினைப்பு வந்தது.

உட்கார முடியாமல் லேப் ஜன்னலுக்குப் போய் நின்றேன். உள்ளே வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண், ஒரு கையில் போனும் மறு கையில் ஒரு கண்ணாடித் தட்டுமாக, வெளிச்சத்தில் தட்டைச் சாய்த்துப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தார். "ரிப்போர்ட் பிரிண்ட் ஆகற வரைக்கும் காத்திருக்காதீங்க சார். இப்ப போடற ஊசி கேக்காது. உடனே மாத்துங்க" என்று சொல்லி ஒரு மருந்தின் பெயரைச் சொன்னார். அது அண்ணிக்கான போன் என்று எனக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

அவர்தான் நுண்ணுயிரியல் டாக்டர் ஜெசிந்தா. நான் யாரென்று சொன்னதும், மூடி ஒட்டிய அந்தத் தட்டை ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் புறம் வைத்தே காட்டினார்.

வைக்கோல் நிறத்தில் உள்ளங்கை அளவு வட்டத் தட்டு. அதன்மேல் பனி படிந்த கண்ணாடி போல ஒரு சாம்பல் படலம். படலத்தில் அங்கங்கே பொட்டு அளவில் வெள்ளை வில்லைகள்.

"இந்தச் சாம்பல் பூராவும் உங்க அண்ணியோட கிருமிங்க. ஈ.கோலைன்னு பேரு. நம்ம எல்லார் குடல்லயும் சும்மா கெடக்கறதுதான், எடம் மாறினாத்தான் வம்பு. ஒவ்வொரு வில்லையிலயும் ஒரு மருந்து இருக்கு. மருந்து வேலை செஞ்சா, வில்லையைச் சுத்திக் கிருமி வளராம வட்டமா தெளிஞ்சிரும்."

நான் பார்த்தேன். பெரும்பாலான வில்லைகளைச் சுற்றி வட்டமே இல்லை. படலம் வில்லையின் விளிம்பு வரை வந்து ஒட்டிக்கொண்டு நின்றது. அண்ணியின் கைப்பையில் இருந்த மாத்திரையின் பெயரைச் சொன்னேன். அவர் விரலால் ஒரு வில்லையைக் காட்டினார். அது படலத்துக்கு நடுவே, வெள்ளத்தில் நிற்கும் கல்லைப் போல இருந்தது. மூன்றே மூன்று வில்லைகளைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டங்கள்.

"நேத்து சாயங்காலம் இதுல தடவும்போது கண்ணுக்கே தெரியாதுங்க. ஒரு ராத்திரியில இவ்வளவு. வாகான எடம் கெடச்சா, இருபது நிமிஷத்துக்கு ஒருக்கா ஒண்ணு ரெண்டாகும். மருந்தை வெட்டிப் போடற ஒரு நொதிய இதுவே செஞ்சுக்குது. அந்த வித்தைய வெச்சிருக்கற மரபணுவைப் பக்கத்துல இருக்கற வேற ஜாதிக் கிருமிக்குக்கூடக் குடுத்துருமுங்க. தாய்கிட்ட இருந்து பிள்ளைக்குத்தான் போகணும்னு இல்ல."

பயந்துபோய்த்தான் ஜன்னலுக்கு வந்தேன். பயம் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் தட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. மூளை கிடையாது, கண் கிடையாது, ஒரே ஒரு செல். அது மனிதர்கள் படித்துப் படித்துக் கண்டுபிடித்த மருந்துகளுக்கு மத்தியில், எதுவுமே நடக்காதது போலப் படர்ந்திருந்தது. எத்தனையோ அருவிகளுக்கும் மலை உச்சிகளுக்கும் முன்னால் நின்று இந்த வலைப்பதிவில் வியந்து எழுதியிருக்கிறேன். அவை எதன் முன்னாலும் இப்படி வாயடைத்து நின்றதில்லை.

"அந்த மூணு வட்டம் இருக்கறவரைக்கும் நமக்கு வழி இருக்குங்க. அதுல ஒண்ணைத்தான் இப்ப போடச் சொல்லியிருக்கேன்" என்றார் ஜெசிந்தா.

அந்த நேரத்தில்தான் இரண்டாம் முறையாகப் பார்க்க வந்த பொன்னுசாமி என்னைத் தேடிக்கொண்டு அங்கே வந்தார். ஜன்னலுக்குள் பார்த்தவர், "ஏனுங்க, நீங்க வெள்ளக்கடை ரைட்டர் பொண்ணுங்களா?" என்றார். ஜெசிந்தாவின் அப்பா மலைமேல் வெள்ளக்கடையில் ஓர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராம். பொன்னுசாமிக்கு நன்றாகத் தெரிந்தவர். அவ்வளவு கலக்கத்திலும் எனக்கு ஒரு சின்ன தைரியம் வந்தது. அண்ணியின் உயிர், தெரிந்தவர்கள் கையில் இருப்பது போல.

புது ஊசி போட்ட மறுநாள் மதியம் காய்ச்சல் விட்டது. சாயங்காலம் அண்ணி என்னைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு: "அந்த ஜீப்காரருக்குப் போன் பண்ணினியா? பாவம், பயந்து போயிருப்பாரு." நான் அழுதுவிட்டேன். அதற்கும் திட்டினார்.

ஊசி முழுவதையும் முடித்துத்தான் அனுப்பினார்கள். கிளம்பும்போது, மறுபடியும் கல்ச்சர் எடுத்துப் பார்க்கலாமா என்று அண்ணி கேட்டார். தொந்தரவு இல்லையென்றால் வேண்டாம், உபத்திரவம் இல்லாமல் இருக்கிற கிருமியைத் தேடிப் பிடித்து மருந்து கொடுப்பதும் தப்புதான் என்று வார்டு டாக்டர் விளக்கினார். ஜெசிந்தா வாசல் வரை வந்தார். "மழை விழுந்ததும் மலைக்கு வாங்க. பாதியில எறங்கிட்டீங்களே. ஈஸ்டர் முடிஞ்சு கொஞ்ச நாள் நானும் வெள்ளக்கடை ஊட்லதான் இருப்பேன்" என்றார்.

இனி இரண்டாவது பயணம்.

ஏப்ரலில் பொன்னுசாமியிடமிருந்து போன். "அக்காவைக் கூட்டிக்கிட்டு வாங்க. மலை நொம்ப அழகா இருக்குதுங்க." அண்ணி அதற்குள் பையை எடுத்து வைத்துவிட்டார். இந்த முறை வழியில் இரண்டு இடங்களில் இறங்கினோம். நாமக்கல்லில் ஒரு சைவ ஓட்டலில் டிபன் சாப்பிட்டு அங்கேயே கழிப்பறை. சேலத்தில் பஸ் ஏறுமுன் இன்னொரு முறை. மொத்தத்தில் ஒரு மணி நேரம் தாமதம். அண்ணி தண்ணீர் குடித்துக்கொண்டே வந்தார்.

முதல் வெள்ளை தெரிந்தது மலையின் மேல்பாதியில். காப்பிச் செடியின் ஒவ்வொரு கிளையிலும், இலைக் காம்புக்கு இலைக் காம்பு, கொத்துக் கொத்தாகப் பூக்கள். கைக்கு எட்டும் செடி முதல் கண்ணுக்கு எட்டும் சரிவு வரை. மல்லிகையைப் போன்ற வாசம் பஸ்ஸுக்குள் வந்து நிறைந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். கண்டக்டர்கூடப் படியில் நின்று வெளியே பார்த்தார். அவருக்கு இது தினமும் பார்க்கிற மலை.

மறுநாள் பொன்னுசாமியின் ஜீப்பில் வெள்ளக்கடை போனோம். (அரை நாளுக்கு ஆயிரத்து எண்ணூறு வாங்குகிறார், ஆள் எண்ணிக்கை பார்ப்பதில்லை.) ஜெசிந்தா எங்களைத் தோட்டத்துக்குள் நடத்திக் கூட்டிப் போனார். இந்தப் பூ இரண்டு மூன்று நாள்தான் நிற்குமாம். பூக்களுக்குள் தேனீக்களின் இரைச்சல், தூரத்து மோட்டார் ஓடுவது போல.

பாதி வழியில் மழை பிடித்தது. பெரிய பெரிய துளிகள். சில்வர் ஓக் மரத்தடியில் ஒதுங்கினோம். இரண்டு மூன்று நாள் வெயிலில் காய்ந்திருந்த மண்ணிலிருந்து வாசம் கிளம்பியது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு, "ஆகா, மண்ணு வாசம்" என்றார்.

ஜெசிந்தா குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து அண்ணியின் உள்ளங்கையில் வைத்தார்.

"இது மண்ணோட வாசம் இல்லீங்க்கா. மண்ணுக்குள்ள இருக்கற ஒரு வகை பாக்டீரியா செய்யற வாசம். ஸ்ட்ரெப்டோமைசிஸ்னு ஒரு குடும்பம். நாம ஆஸ்பத்திரியில போட்டுக்கற ஆன்டிபயாடிக்ல நிறைய, முதல்ல இந்தக் குடும்பத்துக்கிட்ட இருந்துதான் கெடச்சுது."

அண்ணி கையை மூக்கருகே கொண்டு போனார். "இதுவா மருந்து?"

"மருந்தும் இங்கதான், மருந்துக்குச் சாகாம இருக்கற வித்தையும் இங்கதான். மத்தக் கிருமியைக் கொல்ற மருந்தைச் செய்யற கிருமி, அந்த மருந்துல தானே சாகாம இருக்கோணும் இல்லீங்களா? பக்கத்துல இருக்கறதும் பொழைக்க வழி தேடுமில்ல? மனுஷனே இல்லாத காலத்துல இருந்து, கோடிக்கணக்கான வருஷமா இந்த மண்ணுக்குள்ள இது நடந்துக்கிட்டிருக்கு."

"அப்ப என் ஒடம்புல நடந்தது?"

"அந்த ஆதிச் சண்டையோட ஒரு ஓரங்க்கா. எதிர்ப்பை நாம புதுசா உண்டாக்கல. இருந்ததுக்கு எடம் குடுத்தோம். தேவையில்லாம மாத்திரை போடறப்பெல்லாம், எளச்சது செத்துப் போகும். தப்பிச்ச வலுத்ததுக்குத் தோட்டம் மொத்தமும் காலியாக் கெடைக்கும். அப்பறம் அது சும்மா இருக்குமா?"

மழை சடசடவென்று கொட்டியது. நான் என் காலடியைப் பார்த்தேன். செருப்புக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல், எண்ண முடியாத உயிர்கள். ஒன்றையொன்று கொன்றுகொண்டும் தப்பித்துக்கொண்டும், வித்தைகளைக் கைமாற்றிக்கொண்டும். அந்தப் போரிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட நாலு ஆயுதங்களால்தான் என் அண்ணி இப்போது இந்த மழையில் நின்றுகொண்டிருக்கிறார். இந்தப் பெரிய மலையும் வெள்ளைச் சரிவுகளும் அதன் மேல் விரித்த மெல்லிய போர்வை போல எனக்குத் தோன்றின. அண்ணி அந்த மண்ணைக் கொட்டவில்லை. மழைத் தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு போகும்வரை கையை நீட்டியபடியே நின்றார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காப்பிப் பூ பார்க்க வேண்டுமென்றால் தேதி பார்த்து அறை எடுக்காதீர்கள். மார்ச், ஏப்ரலில் மலையில் யாரையாவது பழக்கம் பிடித்துக்கொண்டு, மழை விழுந்ததா என்று கேட்டுவிட்டு ஒரு வாரத்தில் கிளம்புங்கள். சனி, ஞாயிறு ஏரிக்கரை நெரிசல் தாங்காது, வாரநாளில் போங்கள். மஞ்சக்குட்டை, கொட்டச்சேடு பக்கம் பஸ் குறைவு. பங்கு ஜீப் கிடைக்கும், ஆனால் நிறைந்தால்தான் எடுப்பார்கள்.

பஸ் பயணத்துக்குப் பயந்து தண்ணீரை நிறுத்தாதீர்கள். நேரம் போனால் போகட்டும், கழிப்பறை உள்ள இடத்தில் இறங்குங்கள். நீர் போகும்போது எரிச்சல் என்றால் டாக்டரிடம் போங்கள். காய்ச்சலும் குளிரும் முதுகு வலியும் சேர்ந்தால் பயணத்தை அங்கேயே நிறுத்துங்கள். கல்ச்சர் எடுக்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். கொடுத்த மாத்திரையைச் சொன்ன நாள் வரை போடுங்கள், பழைய மாத்திரையைப் பைக்குள் வைத்துக்கொண்டு அலையாதீர்கள். நான் டாக்டர் இல்லை. அந்தத் தட்டைப் பார்த்தவள், அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் சேலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, அண்ணியின் சர்க்கரை மாத்திரை வாங்க ஒரு மெடிக்கல் ஷாப்பில் நின்றோம். எங்களுக்கு முன்னால் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு பெண், கடைக்காரரிடம் குனிந்து ஏதோ சொன்னார். "நீர்க்கடுப்பு" என்ற ஒரு சொல்தான் எங்களுக்குக் கேட்டது. கடைக்காரர் அலமாரி பக்கம் திரும்பினார்.

அண்ணி அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டார். பின்னால் நாலைந்து ஆண்கள் நின்றிருந்தார்கள். தன் எரிச்சலைச் சொந்த நாத்தனாரிடம்கூடச் சொல்லாமல் மலை வரைக்கும் சுமந்து வந்தவர், அத்தனை பேர் காது கேட்க, தெளிவாகக் கேட்டார்.

"கண்ணு, ஒண்ணுக்குப் போறப்ப எரியுதா? எத்தன நாளா? டாக்டரப் பாத்தியா? வா, வெக்கப்படாத. நானும் கூட வர்றேன்."

எங்கள் கரூர் பஸ் கிளம்பிப் போனது. அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று அவர்களுக்குப் பின்னால் நானும் நடந்தேன்.